காலியாகப் போன தூக்குப் போணி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். ரயில் புணே தாண்டிவிட்டது. உம்மா எதிர் இருக்கையில் கண்ணை மூடியிருக்கிறாள். எந்த இடத்தில் நான் தவறினேன் என்பது எழுதினால் தெளியலாம். தெளியாமலும் போகலாம்.

வாப்பாவின் தோல் பைப் பட்டறை இருந்த கட்டடம் இடிபடப் போகிறது என்று உறுதியானதும், தாராவியை விட்டு, சொந்த ஊரான திருநெல்வேலி மேலப்பாளையத்துக்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. அங்கே பெரியவாப்பாவின் கடையில் வாப்பாவும் சேர்ந்துகொள்வார். அவர் முன்னதாகவே போய்விட்டார். நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் கோலியைக் காலி செய்கிற வேலை எனக்கும் உம்மாவுக்கும். மாதுங்காவில் மாலை வகுப்பில் கணக்குப் பதிவு படிக்கிறவள் என்பதால், பெட்டிகளுக்கு எண் போட்டுக் கட்டுவதை நானே எடுத்துக்கொண்டேன்.

பாத்திரங்கள்தான் சிக்கல். எங்கள் சந்தில் எந்த வீட்டுப் பாத்திரமும் வெறுமையாகத் திரும்புவதில்லை. வந்தனா ஆன்ட்டி வீட்டிலிருந்து மோதகம் வந்த டப்பா, பெருநாள் சேமியாவோடுதான் திரும்பிப் போகும். இப்படி வந்தும் போயும் எது யாருடையது என்பதே குழம்பிவிடும். அடியில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நானும் பிரித்தேன். எங்களுடையது ஒரு குவியல், பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவுக்கு ஒன்று, திருப்பித் தர வேண்டியது ஒன்று.

மேல் தட்டில் ஒரு தூக்குப் போணி தனியாக இருந்தது. அடியில் 'வெ. ஷ்யாமளா' என்று வெட்டியிருந்தது.

ஷ்யாமளா, என் அக்கா பரீஹா ராத்தாவின் மாமியார். பாலக்காட்டுப் பிராமணக் குடும்பம், திலக் நகரில் வீடு. ராத்தா அவர்கள் மகன் ஆதர்ஷைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து வாப்பா அவள் பெயரைச் சொல்வதில்லை. உம்மாவும் பேசுவதில்லை. போன வருடம் ராத்தாவுக்கு மகன் பிறந்து பெயர் வைத்தபோது, ஷ்யாமளா அம்மா இந்தப் போணியில் பாயசம் கொடுத்தனுப்பினார். ஆதர்ஷ் வாசலில் வைத்துவிட்டுப் போனார். உம்மா பாயசத்தைக் குடித்தாளா, யாருக்காவது கொடுத்தாளா, எனக்குத் தெரியாது. போணியைக் கழுவித் தட்டில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது.

கோபத்தில்தான் உம்மா அதைத் தொடாமல் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஊருக்குப் போய்விட்டால் அவளும் ராத்தாவும் இனிப் பார்த்துக்கொள்ளவே போவதில்லை என்றும் நினைத்தேன். போணியை ஒரு சாக்காகக் கொண்டு நானாவது ராத்தாவைப் பார்த்துவரலாமே. உம்மா சொந்தக்காரர்களிடம் விடைபெறப் போயிருந்த நேரத்தில், அதைத் துலக்கித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? டப்பாக்களையெல்லாம் கட்டி முடித்திருந்தேன். அது ஒரு காரணம் ஆகுமா என்று தெரியவில்லை.

ராத்தா கதவைத் திறந்து என்னைக் கண்டதும் சிரித்தாள். போணியைக் கண்டதும் அவள் முகம் மாறியது. வாங்கி, அவசரமாக மூடியைத் திறந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை கண்ணா உள்ளே கையை விட்டுத் துழாவினான்.

"உம்மா குடுத்து விட்டாளா?"

கேட்காமல் எடுத்துவந்தேன் என்று சொல்லப் பயந்து, ஆமென்று தலையை ஆட்டினேன்.

ராத்தா மூடியை மூடினாள். "சரிட்டி. முடிஞ்சுதுன்னு சொல்லி அனுப்பிட்டா" என்றாள்.

வெறும் போணி என்ன சொல்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. உள்ளே ஷ்யாமளா அம்மா நின்றிருந்தார். அவர் பார்வையும் போணியின் மேல்தான் இருந்தது. அன்று வகுப்புக்குப் போகவில்லை.

வீட்டில் உம்மா வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"கோவத்துல வச்சிருக்கேன்னா நெனச்ச?" என்றாள். "பாயசம் வந்த போணிட்டி அது. அதுல நான் என்னத்த வைக்க? நம்ம வட்டலப்பத்துல முட்ட. நம்ம சட்டியெல்லாம் கறி ஆக்குன சட்டி. நான் குடுத்து விட்டு, அந்தம்மா அதக் கொண்டுபோயி அப்படியே கொட்டிட்டான்னா? நம்ம புள்ள அந்த வீட்டுல நின்னு அதப் பாக்கணும்லா."

அரிசியும் வெல்லமுமாக வைத்துக் கொடுத்திருக்கலாமே என்றேன்.

"பச்சையாக் குடுத்தா, நான் ஆக்குனது ஆகாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி" என்றாள்.

மறுநாள் காலை, எங்கள் சாமான்களை ஏற்ற ஆறுமுகநயினார் அண்ணாச்சி லாரியைக் கொண்டுவந்தார். பாதி ஏற்றியிருந்தபோது உம்மா நான்காம் பெட்டியை இறக்கச் சொன்னாள். புது வீட்டுக்கென்று பெயர் வெட்டி வாங்கிய பாத்திரங்கள் அதில்தான் இருந்தன. நான் மூன்று சுற்றுக் கயிறு கட்டியிருந்தேன்.

"யக்கா, லாரி திருநவேலிக்குப் போவணும், அடுப்பங்கரைக்கு இல்ல" என்று அண்ணாச்சி சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. கயிற்றைத் தானே அறுத்து, ஒரு புதுச் சட்டியையும் ஒரு புதுத் தூக்குப் போணியையும் எடுத்துக்கொண்டு வந்தனா ஆன்ட்டி வீட்டுக்குள் போனாள். எங்கள் அடுப்பு அதற்குள் விற்றுப் போயிருந்தது. கடையிலிருந்து சேமியாவும் பாலும் நெய்யும் சீனியும் வாங்கி வந்தேன். வேறு யாரையும் அவள் கிளற விடவில்லை.

குர்லா டெர்மினஸில் ரயில். திலக் நகர் அதை ஒட்டித்தான் இருக்கிறது. டாக்சியைக் கீழே நிறுத்திவிட்டுப் படியேறினோம். ஷ்யாமளா அம்மாதான் கதவைத் திறந்தார். உம்மா வாசலிலேயே நின்றாள்.

"புதுச் சட்டியில ஆக்குனது. முட்ட கெடையாது. நெய்யும் இன்னைக்கு வாங்குனது" என்றாள். வழியெல்லாம் உதட்டுக்குள் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

ராத்தா உள்ளிருந்து வந்து, எங்களைக் கண்டு சுவரோடு நின்றுவிட்டாள். இப்போதாவது சொல்ல வேண்டும் என்று, "நேத்து உம்மா குடுத்து விடல. நானா எடுத்துட்டு வந்தது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ராத்தாவுக்குக் கேட்டது.

ஷ்யாமளா அம்மா போணியை வாங்கினார். மூடியைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் சரித்து, கோயிலில் தீர்த்தம் குடிப்பதுபோல் குடித்தார். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"உள்ள வாங்கோ. பேரனைப் பாக்காம போயிடுவேளா?" என்றார்.

உம்மா கண்ணாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ராத்தா அவள் காலருகே உட்கார்ந்தாள். ராத்தா அழுதாள். உம்மா குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் நேரத்தில் ஷ்யாமளா அம்மா, சேமியாவை வேறு பாத்திரத்தில் மாற்றிவிட்டுப் போணியைக் கழுவித் தர உள்ளே போனார்.

"போணி இங்கனயே இருக்கட்டும்" என்றாள் உம்மா.

"ஊரை விட்டே போறேள். அப்பறம் எப்படித் திருப்பித் தர்றது?"

"காலியாத் தர மாட்டியள்லா. இப்பம் வேண்டாம், பையத் திருப்பித் தாங்க" என்ற உம்மா, ராத்தாவைப் பார்த்தாள். "யாராவது கொண்டு வருவாக."

ராத்தா டாக்சி வரைக்கும் வந்தாள்.

நான்காம் பெட்டியில் ஒரு போணி குறைகிறது. ஊரில் பெட்டிகளைப் பிரிப்பது வாப்பாதான். எங்கே என்று கேட்பார். உம்மா என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. என்னிடம் கேட்டால், ராத்தாவிடம் செய்ததுபோல் இந்த முறை நான் பயந்து தலையை ஆட்டக் கூடாது. அது மட்டும் தெரிகிறது.