தேயிலைக்காரரின் தூக்க மருந்து

தேயிலைக் கம்பெனியில் அவருக்குச் சுவை பார்க்கும் வேலை. நீள மேசையில் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சுவார். நாக்கில் புரட்டுவார். பக்கத்து வாளியில் துப்புவார். பிறகு எந்தத் தோட்டம், எந்தப் பருவம் என்று சொல்வார்.

இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. தூக்கத்தோடு நாக்கும் போயிற்று. பழைய தேயிலையைப் புதியது என்று சொல்லிவிட்டார். மானேஜர் கோபப்படவில்லை. மாதக் கடைசித் திங்களன்று ஒரு சோதனை வைக்கலாம் என்றார். தவறினால் பேக்கிங் பிரிவு.

“அங்க நாக்குக்கு வேலை இல்ல. டேப் ஒட்டணும்,” என்றார் மனைவியிடம்.

அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். மாத்திரை எழுதி வாங்கலாம் என்றாள். மாத்திரை போட்டால் காலையில் நாக்கு தகரமாக இருக்கும் என்று மறுத்துவிட்டார். அதனால் இருவரும் மூலிகைக் கடைக்குப் போனார்கள்.

“என்ன வேலை?” என்றாள் கடைக்காரம்மா.

“டீ ருசி பாக்கறது.”

“நாள் முழுக்க டீ. அப்புறம் தூக்கம் வரலைன்னு எங்கிட்ட வர்றது.”

“ஒரு சொட்டு உள்ள போகாதும்மா. எல்லாத்தையும் துப்பிடுவேன்.”

“சோத்தையாவது முழுங்கறீங்களா?”

சடாமாஞ்சில் வேரைப் பொட்டலம் கட்டினாள்.

“அழுக்கு சாக்ஸ் மாதிரி நாறும். மூக்கப் பொத்திக்கிட்டுக் குடிங்க.”

“மூக்கப் பொத்தினா ருசி தெரியாதே.”

“ருசி பாக்கவா குடுக்கறேன்?”

தினமும் சாயங்காலம் மனைவி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அதற்குள் அவள் துணி மடிக்கப் போய்விடுவாள். வந்து கேட்பாள்.

“குடிச்சாச்சா?”

“மண் வாசம். நடுவுல லேசா கற்பூரம். கடைசியில நாக்குல தங்கற ருசி, அந்த முடிவுதான் இல்ல. கத்தி வச்சு வெட்டுன மாதிரி நின்னுடுது.”

தூக்கம் வரவில்லை. கடைக்காரம்மா வேரைக் கொஞ்சம் கூட்டினாள். இன்னும் கொஞ்சம் கூட்டினாள். அதற்கு மேல் கேட்டுப் போன மனைவியிடம் மறுத்துவிட்டாள்.

“இதுக்கு மேல போனா குதிரையே குறட்டை விடும். உன் வீட்டுக்காரர் மனுஷந்தானா? எப்படிக் குடிக்கறார்?”

“வாயாலதான்.”

“நீ பாத்தியா?”

பார்க்கவில்லை.

சோதனைக்கு முந்தின நாள் ஞாயிறு. சாயங்காலம் அவள் டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள்.

“என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்ல. குடிங்க.”

சத்தமாக உறிஞ்சினார். நாக்கில் புரட்டினார். குனிந்தார். சிங்க்கில் துப்பினார். மறுபடி உறிஞ்சினார். மறுபடி துப்பினார். கடைசி வாய் வரை அப்படியே.

“என்னங்க பண்றீங்க?”

“மருந்து குடிக்கறேன்.”

“எங்க குடிச்சீங்க?”

அவர் டம்ளரைப் பார்த்தார். பிறகு சிங்க்கைப் பார்த்தார். பழுப்புக் கோடு ஒன்று ஓட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“இத்தனை நாளா சிங்க் நல்லாத் தூங்கியிருக்கும்,” என்றாள்.

“உனக்குச் சத்தம் கேக்கலையா?”

கேட்டிருக்கும். கிளினிக்கில் காலையிலிருந்து அவள் சொல்வதே “கொப்பளிச்சுத் துப்புங்க” என்பதுதான். துப்பும் சத்தம் அவள் காதில் ஏறுவதை எப்போதோ நிறுத்திவிட்டது.

கடைக்காரம்மா முதலில் சொன்ன அளவுக்கே மறுபடி கஷாயம் வைத்தாள். அவர் உறிஞ்சினார். உடம்பு தானாகக் குனிந்தது. அவள் சிங்க்கை மறைத்து நின்றாள்.

“முழுங்குங்க.”

தலையை ஆட்டினார்.

“என் மேல துப்பினீங்கன்னா நடக்கறதே வேற.”

தொண்டை ஏறி இறங்கியது. கண்ணை மூடினார்.

“என்ன?”

“இரு. முடிவு வருது.”

“எப்படி இருக்கு?”

“இனிப்பு. இல்ல, இனிப்பு மாதிரி ஒண்ணு. போயிட்டே இருக்கு.”

டம்ளரை முக்கால்வாசி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், அந்த இனிப்பின் பின்னாலேயே போகிறவர் போல.

“எங்க போகுது?” என்றாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

வேர் செய்த வேலையா, அவர் எதையோ தேடிப் போனதால் வந்த தூக்கமா? அவளுக்குத் தெரியவில்லை. டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்துப் பார்த்தாள். மண். கற்பூரம். சாக்ஸ். கொஞ்ச நேரம் நின்றாள். இனிப்பு எதுவும் வரவில்லை.

மறுநாள் அவர் வீடு திரும்பியதும் கதவிலேயே கேட்டாள்.

“என்ன ஆச்சு?”

“எல்லாம் சரி. எந்தத் தோட்டம், அதுல எது மேட்டுப் பக்கம், எது பள்ளம்னுகூடச் சொன்னேன்.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“ஒரு கிண்ணத்த முழுங்கிட்டேன்.”

“தெரியாமலா?”

“வேணும்னுதான். முடிவு எப்படி இருக்கும்னு பாக்க.”

“எப்படி இருந்துச்சு?”

அவர் செருப்பைக் கழற்றாமல் யோசித்தார்.

“இன்னும் முடியல,” என்றார்.

அவள் கஷாயத்துக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.