சின்ன ஆஸ்பத்திரி எழும்பியிருந்த வருஷங்கள்

புங்கமரத் தெருச் சுகாதார நிலையம் முதன்முதலாகத் தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது தடுப்பூசி போடும் புதன்கிழமையன்று என்று அனுசுயாவுக்கு நினைவு. அது சரிதானா என்று அவளுக்கே இப்போது சந்தேகம். அன்றைக்கு ஒரு குழந்தைகூட வரவில்லை என்பதால் புதன்கிழமையாகத்தான் இருக்க வேண்டும் என்று பின்னால் அவளே முடிவுகட்டியிருக்கலாம். கொள்ளிடம் இரண்டு கரையையும் தொட்டு ஓடிய வருஷம் என்பது மட்டும் நிச்சயம். சாயங்காலம் செருப்பை மாட்ட வாசலிலிருந்து காலை நீட்டினாள். எட்டவில்லை. குதித்து இறங்கி, கதவைப் பூட்டி, பஸ் பிடித்துத் தென்னூர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழாய்க்காரர் வந்து ஒரு முழம் பைப் சேர்த்தார். லைன்மேன் ஒயரைத் தளர்த்திக் கட்டிவிட்டு, “இன்னும் ஏறுமாம்மா? ஏறும்னா இப்பவே கொஞ்சம் விட்டுக் கட்டிடறேன்” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். மறு வருஷம் கட்டடம் இடுப்புயரத்துக்கு வந்தது, அதற்கடுத்த வருஷம் ஆளுயரம். ஒரு மர ஏணி சாத்தினார்கள். பங்குனி வெயிலில் அதன் அடியில் நாய்களும் ஷேர் ஆட்டோக்களும் ஒதுங்கின.

அனுசுயா அங்கே நர்ஸாகச் சேர்ந்த காலத்தில் அப்படி இல்லை. புங்கமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டுத் தெருக் குழந்தைகள் எல்லாரையும் ஒரே தூளியில் நிறுப்பாள். வாழைத்தோப்பில் இலை அறுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளும், ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே தூளியில் மூத்திரம் போனார்கள். யார் பிள்ளை கனம் என்று தாய்மார்களுக்குள் சண்டை வரும். பிறகு தெருவின் கீழ்க்கோடியில் அடுக்கு வீடுகள் வந்தன. அங்கிருந்தவர்கள் தும்மல் வந்தாலும் தில்லை நகர் பிரைவேட் ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். அவர்கள் போகாத இடத்து மருந்து எப்படி வேலை செய்யும் என்று மேல்கோடிக்காரர்களும் கைமாற்று வாங்கிக்கொண்டு தில்லை நகர் போனார்கள். வராமல் நின்றுபோன ஒவ்வொருவரும் தன் கனத்தையும் கொண்டுபோனார்கள் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

விடாமல் வந்தவள் பொன்னுத்தாய் ஒருத்திதான். இலை அறுக்கிறவள். சர்க்கரையில் கால் மரத்துப்போயிருந்ததால் தோப்புச் சேற்றில் எதுவோ குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. வலது காலில் புண் குழி விழுந்த பிறகு, கணுக்காலோடு எடுத்துவிட வேண்டும் என்று வெளியே ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். தினமும் கழுவிக் கட்டினால் காலைக் காப்பாற்றலாம் என்றாள் அனுசுயா. பொன்னுத்தாயால் ஏணி ஏற முடியாது. அதனால் அனுசுயா மருந்துத் தட்டோடு இறங்கி, கட்டடத்தின் நிழலிலேயே கட்டுப் போட்டாள்.

“தேவலோகத்துலேருந்து இறங்கி வந்தாச்சா நர்சம்மா?” என்பாள் பொன்னுத்தாய். “அங்க எல்லாரும் சௌக்கியமா?”

“காலைக் காட்டுங்க. வாயில புண்ணில்லை.”

ஐப்பசியில் மேலதிகாரி ஒருவர் வந்தார். ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தார். காற்றில் நிற்கும் கட்டடத்துக்குப் பராமரிப்புப் பணம் ஒதுக்க விதியில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். பொங்கலுக்குள் தரைக்கு வராவிட்டால், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நிலையத்தோடு இதைச் சேர்த்துவிடுவார்கள். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். அந்தக் காலோடு தினமும் இரண்டு பஸ் ஏறினால் கால் மிஞ்சாது என்று அனுசுயாவுக்குத் தெரியும். பொன்னுத்தாய்க்கும் தெரியும். அன்று அவள் கேலி பேசவில்லை.

அடுக்கு வீட்டுச் சங்கத் தலைவர் ரெங்கராஜ், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செய்தி கேட்டதும் ஓடி வந்தார். நல்ல மனுஷர். “கனம்தானே குறைச்சல் நர்சம்மா? ஏத்திடுவோம்” என்றார். ஷார்ஜாவில் கிரேன் ஓட்டிவிட்டு வந்திருந்த அப்துல் மாலிக், கயிறும் கப்பியும் தன் பொறுப்பு என்றார். சாமான்கள் மேலே போயின. இரும்பு பீரோ, கடப்பைக்கல் பெஞ்சு, மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து அரிசி மூட்டைகள். கோயிலுக்குக் கொடுத்துப் பழகிய ஊரில் பேர் எழுதாமல் எதையும் கொடுக்கத் தெரியாது. எல்லாவற்றிலும் உபயம் என்று எழுதினார்கள். டியூப் லைட்டில் உபயதாரர் குடும்பத்தார் பேர் மொத்தமும் எழுதியதில் வெளிச்சம் வர இடமில்லாமல் போயிற்று. கட்டடம் ஒவ்வொரு உபயத்துக்கும் ஒரு விரற்கடை ஏறியது. மார்கழியில் புங்கமரத்தின் முதல் கிளையைத் தொட்டுவிட்டது.

கீழே கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த பொன்னுத்தாய் அண்ணாந்து பார்த்தாள். “என்னங்க சார், உங்க பேருக்கெல்லாம் கனமே இல்லையா?”

ரெங்கராஜுக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே பேர் பொறித்து வைத்திருந்த கல்வெட்டைத் தானே பதிக்கிறேன் என்று ஏணியில் ஏறினார். உச்சிப் படியில் தலை சுற்றியது. அனுசுயா அவரை உள்ளே இழுத்துப் போட்டு, பிரஷர் பார்த்து, பேசாமல் படுக்கச் சொன்னாள்.

“எங்க டாக்டர் தில்லை நகர்ல...”

“அவர் இருக்கட்டும் சார். மாத்திரையை முழுங்குங்க.”

முழுங்கினார். கட்டடம் ஒரு சாண் இறங்கியது. கீழே கயிற்றோடு நின்ற மாலிக் அதைப் பார்த்தார். கிரேன் ஓட்டுகிறவருக்கு ஒரு சாண் தப்பாது. “யா அல்லாஹ், சாமான் கேக்கலை சார் இது, ஆள் கேக்குது!” என்று கத்தினார். மறுநாள் தன் மனைவி ஆரிஃபாவைக் கைக்குழந்தை அஃப்ஷீனோடு தடுப்பூசிக்கு அனுப்பினார். இன்னொரு சாண்.

அதற்குப் பிறகு நடந்த மூன்று வாரங்களைத்தான் அனுசுயா இன்றும் அதிகம் நினைத்துக்கொள்கிறாள். கோயிலில் முறை வைத்துக்கொள்வதுபோல் வீட்டுக்கு ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். சளி, சர்க்கரை, மாசமாயிருப்பவர்கள், ஒன்றும் இல்லாதவர்கள், எல்லாரும் வந்தார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் கூட்டிப் பெருக்கினார்கள். மருந்து ஏன் வரவில்லை என்று கூட்டமாகப் போய்க் கேட்டு வாங்கி வந்தார்கள். பீரோவும் மூட்டைகளும் கீழே இறங்கின. ரெங்கராஜின் மனைவி யமுனா, கல்வெட்டில் கொத்தமல்லி காயவைத்தாள். யார் கனத்தில் இறங்கியது என்று சண்டையும் இருந்தது. அடுக்கு வீட்டுக்காரர்கள் மேஜையைச் சுற்றி உட்கார, மேல்கோடிக்காரர்கள் கதவோரம் நின்றார்கள்.

போகிக்கு முதல் நாள் கட்டடம் தரையைத் தொட்டது, மூன்று மூலையில் மட்டும். கதவோர மூலை அரை முழம் தூக்கிக்கொண்டு நின்றது. மறுநாள் அதிகாரி வருகிறார். இன்னும் பத்துப் பேர் உள்ளே ஏறிப் பார்த்தார்கள். அசையவில்லை. பொன்னுத்தாய் வெளியே, வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“உள்ள வாங்க” என்றாள் அனுசுயா.

“அவ்வளவு பெரிய மனுஷங்க உக்காந்திருக்காங்க. புண்ணு நாத்தம் அடிக்கும்மா. இங்கயே கட்டு.”

அது உள்ளே கேட்டது. ரெங்கராஜ் தன் நாற்காலியை விட்டு எழுந்தார். வாசலுக்கு வந்து, சரிந்த தரையிலிருந்து குனிந்து கையை நீட்டினார்.

“ஏறி வாங்கம்மா. மூணு வாரமா மூட்டை தூக்கின கை இது. உங்களைத் தூக்காதா?”

“நான் கனமுங்க.”

“தெரியும். அதுக்குத்தான் கூப்பிடறேன்.”

பொன்னுத்தாய் கட்டுப் போட்ட காலை வாசலில் ஊன்றினாள். மூலை இறங்கியது. ரெங்கராஜின் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, எல்லார் முன்னாலும் அனுசுயா புண்ணைக் கழுவினாள். நாற்றம் அடிக்கத்தான் செய்தது. யாரும் எழுந்து போகவில்லை.

அதிகாரி வந்தார், பார்த்தார், காப்பி குடித்தார், போனார். பொன்னுத்தாய்க்குச் சுண்டு விரல் மட்டும் போயிற்று, கால் நின்றது. இப்போது செருப்புப் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போகிறாள். மாலிக் மறுபடி ஷார்ஜாவில் இருக்கிறார். அஃப்ஷீன் ஸ்கூலுக்குப் போகிறாள். ரெங்கராஜ் போன ஆடியில் தூக்கத்திலேயே காலமானார். அவர் முறைக்கு யமுனா வருகிறாள். அனுசுயாவுக்கு மண்ணச்சநல்லூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. அவ்வப்போது பழைய தெருவுக்குப் போய் வருகிறாள். சின்ன ஆஸ்பத்திரி தரையில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆள் வரத்துக் குறைந்தால் ஒரு நூல் எழும்பும், யாராவது பார்த்துவிட்டு நாலு பேரைக் கூட்டி வருவார்கள். அந்த வருஷங்களில் ஏறி இறங்கியவர்கள் மட்டும் வாசலுக்கு வந்ததும், அங்கே படி எதுவும் இல்லாவிட்டாலும், வலது காலைச் சற்று உயர்த்தித்தான் உள்ளே வைக்கிறார்கள்.