மணக்காத தாள்

வெங்காயத் தாளை மண்ணுக்கு மேலேதான் அறுப்பாள் பீபி மாபேகம். கிழங்கோடு பிடுங்குவது அவள் குடும்பத்தில் வழக்கமில்லை. அடி சிவந்த அந்தக் காட்டு வெங்காயம் இந்த மலைத்தொடரை விட்டால் வேறெங்கும் முளைப்பதில்லை.

இன்று அந்தத் தாள் போட்ட சோறு விருந்தினருக்கு. விருந்துக்கு வந்திருக்கும் மந்தனியின் தம்பியை மாபேகத்தின் கணவர் சுட்டுக் கொன்று பத்து வருஷம் ஆகிறது. இரு வீட்டாரும் ஒரே தட்டில் உண்டால் பகை தீரும்.

தட்டை உள்ளே அனுப்பிவிட்டுச் சாம்பல் தேய்த்துக் கை கழுவினாள். மிஞ்சிய தாள்களை அள்ளியபோது ஒன்று மணக்கவில்லை. கசக்கினாள். வெறும் பச்சைத் தண்ணீர்.

விஷப்பூண்டு! பனி உருகும் ஓரத்தில் வெங்காயத்தோடு சேர்ந்தே, அதே போன்ற தாளோடு முளைப்பது. காலையெல்லாம் அவள் முகர்ந்தது தன் கையில் ஏறிய வெங்காய வாசனையை. அடியை மண்ணில் விட்டு அறுத்ததால் சிவப்பையும் பார்க்கவில்லை.

சொன்னால், வஞ்சம் வைத்து அழைத்த வீடு என்பார்கள். சொல்லாவிட்டால் பிணம் விழும்.

உள்ளே மந்தனியின் குரல் கேட்டது. "பத்து வருஷமா உங்க குண்டுக்குப் பயந்தாச்சு. இனி சோத்துக்குமா பயப்படணும்? இப்படித் தள்ளு தட்டை!"

"கையை எடுங்க!" வாசலில் நின்று கத்தினாள். "சோத்துல விஷப்பூண்டு இருக்கு. அறுத்தவ நான்தான். கவனிக்கல."

செத்தவனின் மகன் துள்ளி எழுந்தான். "பாத்தீங்களா பெரியப்பா? கூப்பிட்டு வெச்சுக் கொல்லப் பாக்குறாங்க!"

மந்தனியின் பார்வை போன இடத்தை மாபேகமும் பார்த்தாள். அவள் மகன் குதாகரத்தின் விரல்களில் நெய் மின்னியது. சோற்றில் வஞ்சமில்லை என்று காட்ட விருந்து வைக்கும் வீட்டு ஆண் முதல் கவளத்தை உண்ண வேண்டும். பயத்தில் அதை மறந்திருந்தாள்.

"உக்காருடா மடையா," என்றார் மந்தனி தம்பி மகனிடம். "பெத்த மகன் வாயிலயா விஷத்தை வெப்பா? இல்ல, உக்காராத. ஓடு, வண்டியை எடு!"

குதாகரத்தின் தொண்டையில் மந்தனியே விரலை விட்டார். கொஞ்சம்தான் வெளியே வந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா," என்று அவன் சிரித்தான். "ருசியாத்தான் இருந்துச்சு."

அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. அந்தப் பூண்டு உடனே எதுவும் செய்யாது. சில மணி நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் குடலைப் பிடிக்கும். ஆஸ்பத்திரியோ மலைக்குக் கீழே, ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

"ஏறுங்க பீபி," என்றார் மந்தனி.

எதிரியின் வண்டியில் மகன் தலையை மடியில் ஏந்தி உட்கார்ந்தாள். மணக்காத தாளைப் பிடித்தபடியே வந்திருந்தாள். வைத்தியரிடம் காட்ட வேண்டும். விரல்களை இறுக்கிக்கொண்டாள்.