இருபத்தாறாம் திகதிப் பலகை

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கனகசூரியத்தின் புளுகு இருபது வருடம் ஓடியது. எங்கள் கரையில் அவ்வளவு காலம் ஓடிய வள்ளம்கூடக் கிடையாது.

கல்குடா ரோட்டில் இருக்கிறது எங்கள் வாசிகசாலை. நான், கிருஷாந்தினி, அதற்குப் பொறுப்பாளர். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை ‘வரலாற்றில் இன்று’ பலகையை எழுதுவது. இன்ன வருடம் இன்னது நடந்தது, இன்னார் பிறந்தார் என்று ஆறு வரி. வருட வரிசை பிசகக் கூடாது, நிச்சயமாகத் தெரியாததை எழுதக் கூடாது. எழுதி முடித்ததும் துணியால் மூடிவிடுவேன். பத்து மணிக்கு, அன்று பிறந்தநாள் உள்ளவர் துணியை விலக்கி ஒவ்வொரு வரியாக வாசிக்க, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். பிறகு எல்லோருக்கும் டொபி. ஆறு வருடத்துக்கு முன் இந்த வழக்கத்தைத் தொடங்கியவள் நான். பிள்ளைகளுக்காக என்று ஊர் மெச்சியது. இல்லை. ஒரே ஒரு மனிதனின் பிறந்தநாளுக்காகத்தான் தொடங்கினேன்.

கனகசூரியம் பிறந்தது டிசம்பர் இருபத்தாறு. 2004இல் கடல் ஊருக்குள் வந்ததும் அதே திகதி. அன்று அவர் தன் வேனில் ஆட்களை ஏற்றிக் காப்பாற்றினார் என்பது ஊர்க்கதை. முதலில் ஐந்து பேர் என்றார்கள். பிறகு எட்டு. போன வருடம் பதினொன்று. இப்படியே போனால் அவருடைய நூறாவது வயதில் எங்கள் வாழைச்சேனை முழுவதும் அந்த வேனுக்குள் இருந்திருக்கும். அந்தப் பெயரை வைத்துத்தான் வாசிகசாலைக்குத் தலைவரும் ஆனார்.

வேனுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஓட்டியது அவருடைய மூத்த மகன். பின்னால் மனைவியும் இளைய மகனும், சீற்றில் ஒரு ரீவிப் பெட்டியும். அவர் கதவடியில் நின்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, தங்கச்சி றஞ்சிதாவுக்கு ஒன்பது. அவள் என்னைவிட வேகமாக ஓடுவாள். பத்தடி முன்னால் போய் வேன் கதவைப் பிடித்துவிட்டாள். அவளுடைய விரல்களை அவர் ஒவ்வொன்றாகக் கழற்றியதை என் கண்ணால் கண்டேன். கதவு மூடியது. பிறகு தண்ணீர் வந்தது. நான் ஒரு கஜு மரத்தில் சிக்கித் தப்பினேன். தங்கச்சிக்கு எந்த மரமும் அகப்படவில்லை.

அம்மா அன்று சந்தைக்குப் போயிருந்தாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

“உப்புத் தண்ணி குடிச்சுப் போட்டுப் பினாத்தாத புள்ள,” என்றாள். “அரிசியும் கூரைத் தகரமும் கொண்டு வந்து தந்த மனிசன் அவர்.”

பெற்றவளே நம்பாததை ஊர் நம்புமா? அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. ஆத்திரத்தை ஊறுகாய் போட்டு வைத்தேன். ஊறுகாய் நாள் போகப் போகத்தான் காரம் ஏறும்.

இருபதாம் ஆண்டு நினைவு வந்தது. வழக்கமாகப் பிறந்தநாளுக்குப் பாசிக்குடா ஹொட்டலில் கேக் வெட்டும் கனகசூரியம், இந்த முறை எங்களிடம் வருகிறார் என்று செயலாளர் சுபாகரன் துள்ளிக்கொண்டு வந்தார்.

“தலைவர் பிள்ளைய இழந்த தாய்மாருக்குச் சீலை குடுக்கிறார். பலகையில ரெண்டாயிரத்து நாலுக்கு அவரத்தான் எழுத வேணும், என்ன?”

“ஓம், அவரத்தான் எழுதுவன்,” என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அன்று காலை ஒன்பது இருபத்தைந்துக்கு, நாடெங்கும் போல, இறந்தவர்களுக்காக எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். பத்து மணிக்குக் கனகசூரியம் வெள்ளை வேட்டியில் வந்து, கைதட்டலுக்கு நடுவே துணியை இழுத்தார். முன்வரிசையில் அம்மா, சீலை வாங்குவதற்காகத் தலைவாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் அவர் முகம் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

மைக்கைப் பிடித்து அவர் வாசித்தார். “1791. கணினிக்கு வழிகாட்டிய சார்ள்ஸ் பாபேஜ் பிறந்தார்.” முப்பது பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். 1893, மா சே துங் பிறந்தார். 1898, ரேடியம் கண்டுபிடித்த செய்தி வெளியானது. 1959, கனகசூரியம் பிறந்தார். அதற்கு ஒரு கைதட்டல். 1991, சோவியத் ஒன்றியம் கலைந்தது. குரல் நன்றாக ஏறியிருந்தது. அடுத்தது தன்னுடைய பதினொரு பேர் என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

“2004. ஆழிப்பேரலை. ஒன்பது வயது றஞ்சிதா, கனகசூரியத்தின் வேன் கதவைப் பிடித்தாள்…”

நின்றுவிட்டார். பிள்ளைகள் அதையும் திருப்பிச் சொன்னார்கள். அவர்களுக்கும் வாசிக்கத் தெரியுமே! அவர் வாசிக்காத கடைசி இரண்டு சொற்களைத் தாங்களே உரத்து வாசித்தார்கள்.

“அவள் ஏறவில்லை.”

பலகையில் அவ்வளவுதான். வேறு ஒரு குற்றமும் நான் எழுதவில்லை.

“நான் தள்ளல்ல,” என்றார் கனகசூரியம். மைக் இன்னும் வாயருகே இருந்தது. “ஒருத்தரும் அப்பிடி நினைக்க வேணாம். கையத்தான் எடுத்து விட்டன். கதவு பூட்ட வேணுமே!”

தள்ளினார் என்று அங்கே எவரும் சொல்லவில்லை. வெளியே ஒலிபெருக்கி கட்டியிருந்தது. ரோட்டில் போன சைக்கிள்கள் நின்றன.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

அம்மா எழுந்தாள். இருபது வருடமாக அவரை ‘ஐயா’ என்று அழைத்தவள்.

“அந்தக் கையாலயா இண்டைக்கு எனக்குச் சீலை தாறாய்?” என்று கேட்டாள்.

அவர் மைக்கை மேசையில் வைத்துவிட்டு, சீலைப் பொதிகளைத் தாண்டி, பின்கதவால் போனார். கூட எவரும் போகவில்லை.

சுபாகரன் டஸ்டரோடு பலகைக்கு ஓடினார். நான் எழும்பும் முன்னர் அம்மா போய் அதை அவர் கையிலிருந்து பறித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“தங்கச்சிட எந்தக் கைய எடுத்து விட்டவன் புள்ள? வலக்கையா, இடக்கையா?”

“வலக்கை அம்மா.”

டஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு பலகைக்குக் கீழே வெறும் நிலத்தில் உட்கார்ந்தாள். மாலையில் நான் கதவு பூட்ட வந்தபோதும் அவள் எழும்பவில்லை.