சின்னவன் இழுத்து வந்த தூரம்

அந்தச் சிறிய ஜெட் விமானம் ஓடத் தொடங்கிய ஏழாவது வருடத்தில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருந்த தூரம் பாதியாகக் குறைந்திருந்தது. முதலில் கண்டுபிடித்தவர் விமானப் பணிப்பெண். தேநீர் கொடுத்துவிட்டுக் கோப்பைகளைத் திரும்ப வாங்குவதற்குள் எல்லோரையும் பெல்ட் போடச் சொல்ல வேண்டியிருந்தது. விமானி காற்றின் மேல் பழியைப் போட்டார். போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்றா என்று அவரை யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் தேநீர் நின்றது. அப்புறம் தண்ணீரும் நின்று, ஆளுக்கொரு மிட்டாயோடு பயணம் முடிந்தது. நடுவில் இருந்த மலையும் ஏரியும் எங்கே போயின என்றால், எங்கேயும் போகவில்லை. தையல் நூலை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிச் சுருங்கிக்கொண்டன. அங்கே குடியிருந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுச் சத்தம் கொஞ்சம் கூடியதைத் தவிர வேறு குறை இல்லை. சாலை மட்டும் சுருங்கவில்லை. அது அரசாங்கத்தின் சாலை, சுருங்கச் சொல்லி உத்தரவு வரவில்லை.

பெரிய விமானங்கள் எட்டிக்கூடப் பார்க்காத வழி அது. இதற்கோ ஒல்லி உடம்பு, நடுவில் ஒரே நடைபாதை, அப்படியும் பாதி இருக்கைகள் காலி. இந்த முனையில் அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அதற்குச் சின்னவன் என்று பெயர் வைத்திருந்தார். அந்த முனையில் டிக்கெட் கவுன்டரில் இருந்தவள் அவருடைய மனைவி. சின்னவன் கிளம்பிவிட்டான் என்று அவள் போனில் சொல்வாள், வந்துவிட்டான் என்று இவர் சொல்வார். அந்த இரண்டு செய்திகளுக்கு நடுவே ஒரு நாள் கல்யாணப் பேச்சும் வந்து, கல்யாணமும் ஆனது. குடித்தனம்தான் ஆகவில்லை. ஓர் ஊருக்கு ஒரே மெக்கானிக், ஒரே கவுன்டர் ஆள். சின்னவன் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் தரையில் நின்றாக வேண்டும். அதனால் ஊரையே ஏற்றி அனுப்பிய மனுஷன் ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்து போனதில்லை. மாற்றல் கேட்டு எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. வருடத்துக்கு ஒருமுறை, சின்னவன் ஓடாத விடுமுறையில் பஸ் ஏறி, பகல் முழுக்கக் குலுங்கிக்கொண்டு போய் அவளைப் பார்த்துவிட்டு வருவார்.

தூரம் குறையக் குறைய, அவள் செய்தியைச் சொல்லி போனை வைப்பதற்குள் சின்னவன் இங்கே வந்து நின்றான். பிறகு எதிர்க்கரை மொட்டைமாடியில் அவள் துணி காயப்போடுவதே தெரிந்தது. முகம் தெரியவில்லை. சுருங்கிய ஏரி அடி காணாத ஆழமாகிவிட்டதால் படகு விட யாருக்கும் துணிச்சல் இல்லை. இன்னும் கொஞ்சநாள் பறந்தால் போதும் என்று அவர் நினைத்திருந்தபோது, எரிபொருளைவிட மிட்டாய்ச் செலவு கூடிவிட்டது என்று சொல்லி, சின்னவனை வடக்கே வேறு வழிக்கு அனுப்பக் கம்பெனி முடிவெடுத்தது. மெக்கானிக் கதிகலங்கிப்போனார். விமானம் ஓடாத விடுமுறை நாட்களில் அந்தக் கரை மெல்லப் பின்வாங்குவதை அவர் பார்த்திருக்கிறார். இனி சின்னவன் ஒரேயடியாகப் போய்விட்டால் அவளும் பழைய தூரத்துக்கே போய்விடுவாள்.

தினமும் சின்னவனின் மூக்கைத் தட்டி, போயிட்டு வாடா என்று சொல்லி அனுப்புவது அவருடைய வழக்கம். திரும்பி வராத வண்டியிடம் அப்படிச் சொல்லித் தொலைக்காதீர்கள் என்று மேலாளர் முன்கூட்டியே சொல்லிவைத்தார். சரி என்று இவரும் தலையாட்டினார். கடைசி நாள் காலையில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டைகளை எடுத்தார், மூக்கைத் தட்டினார், வாய் பாட்டுக்கு வழக்கம்போலச் சொல்லிவிட்டது. காலியாகக் கிளம்பிய சின்னவன், வடக்கே திருப்பிய விமானியைச் சட்டை செய்யாமல் எதிர்க்கரையில் போய் இறங்கினான். கவுன்டரைப் போட்டது போட்டபடி ஓடிவந்த அவளும் மூக்கைத் தட்டி அதையேதான் சொன்னாள். திரும்பி வந்தான். விமானி இறங்கி வந்து கெஞ்சினார்.

"ஒரே ஒரு தடவை 'போ'ன்னு சொல்லிடுங்கண்ணே. எனக்கும் வீடு வாசல் இருக்கு."

"வளர்த்த பிள்ளைய வெறும் 'போ'ன்னு சொல்லி அனுப்புவாங்களா தம்பி? எனக்கு வாய் வராது. அவகிட்ட கேட்டுப் பாருங்க."

அவளும் முடியாது என்றாள். அன்று பகல் முழுவதும் சின்னவன் போனான், வந்தான், போனான், வந்தான். ஏரி குட்டையானது, குட்டை வாய்க்காலானது, பிறகு ஈரக்கோடானது. சாயங்காலம் ஓடுபாதைகள் இரண்டும் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்டன. விட்டால் பிரிந்துவிடும் என்று மெக்கானிக் பதறியதால், ஒட்டிய இடத்தில் தார் ஊற்றி ரோலர் ஓட்டினார்கள். பிறகு சின்னவன் வடக்கு வழிக்குப் போகச் சம்மதித்தான், பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடுவதாக இருந்தால்.

ஒரே ஓடுபாதைக்கு இரண்டு நிலையங்கள் எதற்கு என்று கம்பெனி அந்த முனையை மட்டும் வைத்துக்கொண்டது. மெக்கானிக் கேட்ட மாற்றல் அப்போதுதான் வந்தது, இலவசமாக ஒருவழி டிக்கெட்டோடு. நடந்தே போயிருக்கலாம். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியோடு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். சின்னவன் தரையிலேயே உருண்டான். அவருக்குக் கண் கலங்கிவிட்டதால் வழியில் எதையும் பார்க்க முடியவில்லை. படிக்கட்டுக்குக் கீழே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"வர்றதுக்கு இவ்வளவு நேரமா?" என்றாள்.

"கொஞ்சம் தூரம்," என்றார்.

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.