சான்று எங்கே?

கல்லூரியில் டீச்சரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறவர்கள் குறைவு. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘சான்றெங்கே’. சமூகப் பிரச்சினைகளைப் பற்றி ஊரில் எழுதப்படும் வாதக் கட்டுரைகளைப் பிரித்து மேய்வதுதான் அவர் நடத்தும் பாடம். கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது, இன்றைய இளைஞர்கள் சோம்பேறிகள், முதியோர் இல்லங்களை இழுத்து மூட வேண்டும் என்று எவராவது எங்காவது முழங்கியிருந்தால் போதும், டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்துவிடுவார். ஓரத்தில் ‘சான்று எங்கே?’ என்று சாய்வாக எழுதுவார். எரிச்சல் கூடினால் ‘அழுவதெல்லாம் வாதம் ஆகாது’ என்றும் சேர்ப்பார்.

இதைக் கல்லூரியோடு விட்டிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் பூனை வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதாள். “அழாத, எழுது” என்று ஒரு தாளை நீட்டினார் டீச்சர். பிடித்தது சனி. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் ஒரு பக்கக் கட்டுரை எழுத வேண்டும். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் அதிலேயே சொல்லிப் பதில் கொடுக்க வேண்டும். மறுக்கிறவரும் சும்மா தலையாட்டி மறுத்துவிட முடியாது. மறுப்புக் கட்டுரை எழுத வேண்டும், கேட்டவர் அதைத் திருத்துவார்.

பூனை அப்படி வாதாடி வாங்கிய பூனை. டீச்சரின் கணவர்தான் பாவம். மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் மோட்டார் சைக்கிள் கேட்டுப் பலமுறை எழுதி, எழுதிய ஒவ்வொரு முறையும் மண்ணைக் கவ்வினார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் போலத்தான் அவர் எழுதுவார். பக்க விளைவுகளை எல்லாம் அவரே விலாவாரியாகச் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து அம்மாவின் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்த ஊருக்கு ஓர் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டும். கட்டுரையின் தலைப்பு, ‘வேலைக்குப் போகும் மகள்கள் தனியாக வாழப் பழக வேண்டும்’.

டீச்சர் காப்பியைத் தள்ளி வைத்தார்.

“நாளைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும்மா,” என்றாள் மகள்.

“முதல்ல படிக்க விடு.”

படித்தார். கட்டுரை நன்றாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். வாடகை, சாப்பாடு, சம்பளம் எல்லாம் கணக்குப் போட்டிருந்தாள். அந்த ஊர் மகளிர் விடுதியில் இருப்பவர்களோடு பேசி அவர்கள் சொன்னதை அப்படியே கொடுத்திருந்தாள். எதிர்த்தரப்பையும் மரியாதையாகவே நடத்தியிருந்தாள். வேறொருத்தி இதை எழுதியிருந்தால் டீச்சர் வகுப்பில் உரக்கப் படித்துக்காட்டி, அந்தப் பெண்ணைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியிருப்பார்.

ஆனால் பேனா பேச்சுக் கேட்கவில்லை. ‘வாடகை நம்பும்படி இல்லை.’ ‘விடுதிப் பெண்கள் உண்மையைத்தான் சொன்னார்கள் என்பதற்கு என்ன உறுதி?’ ‘கையெழுத்து சுமார்.’ கடைசிக் குறிப்பை எழுதும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது, இருந்தும் எழுதினார்.

முடிவில் ஒரு மேற்கோள் இருந்தது. ‘பயத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்து மகள்களை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். தாய்மார்களே, உங்கள் பயத்தை நீங்களே சுமந்துகொள்ளுங்கள்.’ அப்பாடா, கடைசியில் ஒன்று வசமாக மாட்டியது. டீச்சர் அடிக்கோடு போட்டு, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினார்: ‘வெற்றுச் சவடால். எழுதியது யார்? பிள்ளை வளர்த்த அனுபவம் இல்லாத ஆள் என்பது மட்டும் தெரிகிறது.’

கணவர் தாளைக் கையில் வாங்கினார். எதைக் கொடுத்தாலும் பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பார், மாத்திரை அட்டை பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். திருப்பிப் பார்த்தவருக்குக் காப்பி புரையேறியது.

“மேற்கோள் யாரோடதுன்னு பின்னாடி எழுதியிருக்காளே.”

“யாராம் அந்த மேதாவி?”

“நீதான்.”

டீச்சர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். கல்லூரி மலர், இறுதியாண்டு, அவருடைய பெயர், கல்யாணத்துக்கு முந்தைய பெயர்.

“பெட்டி எடுக்கலாம்னு பரண்ல ஏறினேன். அங்க கிடைச்சுது,” என்றாள் மகள். சிரிப்பை அடக்கியதில் அவளுக்குக் காது வரைக்கும் சிவந்திருந்தது.

“நான் எழுதின குறிப்பு சரியாத்தானே இருக்கு?” என்றார் டீச்சர். “அனுபவம் இல்லாத ஆள்தான் அது!”

“சரிம்மா. அப்ப நீ மறுக்கிற, அப்படித்தானே? மறுப்பு எழுது. சட்டம் போட்டது நீ.”

டீச்சர் விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரார் வாதத்தை எல்லாம் கிழித்துத் தோரணம் கட்டுகிறவருக்கு ஒரு பக்கம் எழுதுவது பெரிய விஷயமா என்ன?

‘வெளியூர் பெண்களுக்குப் பாதுகாப்பானதல்ல’ என்று தொடங்கினார். இந்தத் தெருவிலேயே போன மாதம் பூட்டை உடைத்தார்கள். இதுவும் யாருக்கோ வெளியூர்தானே என்று தோன்றியது. அடித்தார். ‘வெளிச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.’ வீட்டில் பாதி நாள் சமைப்பதே மகள்தான். அதையும் அடித்தார். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ இதை எழுதிவிட்டு அவரே திடுக்கிட்டார். இந்த வரியை ஒரு மாணவன் எழுதியிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மை வழிய அடித்தார்.

வெளியே மகள் பெட்டியைத் தள்ளிச் சக்கரம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஏறி உட்கார்ந்த பூனையைச் செல்லமாகத் திட்டுவதும் கேட்டது. இனி இந்தச் சத்தம் இருக்காது என்று நினைத்தார் டீச்சர். அழுகை வந்தது, கொஞ்சம் அழவும் செய்தார். பிறகு ஒரே ஒரு வரி எழுதி, அதை அடிக்காமல் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மகள் வாங்கிப் படித்தாள். பக்கம் முழுக்க அடித்தல். கீழே அந்த ஒரு வரி:

‘நீ போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது.’

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் யார் வளர்த்த பிள்ளை! புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில், அம்மா எழுதுகிற அதே சாய்வில், ‘சான்று எங்கே?’ என்று எழுதி நீட்டினாள்.

அப்பா காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு, சிவப்பில் எழுதியதைச் சரிபார்ப்பதுபோல் பார்த்தார். நியாயமான கேள்விதான்.

“இப்ப எங்கிட்ட இல்லடி,” என்றார். “நீ போயிட்டு வா, காட்டுறேன்.”