நாற்காலி போட்ட சத்தம்

மருமகளுக்குக் குடலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று நாளாகியும் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. "காத்து பிரியட்டும், அப்புறம்தான் எல்லாம்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உதடு வறண்டால் நர்ஸ் ஈரப் பஞ்சால் ஒற்றிவிடுவாள். அதோடு சரி.

கட்டிலருகே இரும்பு நாற்காலியில் காவல் இருந்தவர் மாமனார். தையல்காரர். மாமியார் வீட்டில் கைக்குழந்தையோடு. மகன் வேலை முடிந்து மாலையில்தான் வருவான். அதுவரை இடத்தைவிட்டு அசைவதில்லை என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வாக்குத் தவறுவது சட்டை தைத்துக் கொடுப்பதில் மட்டும்தான்.

டாக்டரம்மா முதல் நாளே அவருக்கு விளக்கியிருந்தார். "குடல் சும்மா கிடக்கிற குழாய் இல்லீங்க. பின்னாடி சுருக்கி, முன்னாடி தளர்த்தி, சாப்பாட்டைத் தள்ளிக்கிட்டே போகும். சிறுகுடல் சத்தை எடுத்துக்கும், பெருங்குடல் மிச்சமிருக்கிற தண்ணியை உறிஞ்சிக்கும். கத்தி பட்டா கோவிச்சுக்கிட்டுப் படுத்துடும். காத்து வந்தாத்தான் எந்திரிச்சுடுச்சுன்னு அர்த்தம்."

"நாடா கோக்கிற மாதிரின்னு சொல்லுங்க. துணியைச் சுருக்கிச் சுருக்கித்தானே ஊக்கைத் தள்ளுவோம்."

"அதேதான்."

மருமகள் டிக்கெட் கவுன்ட்டரில் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவள். மாமனார் எதிரில் மட்டும் கொட்டாவியைக்கூட விழுங்கிவிடுவாள். அன்று காலை அவள் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது, புரண்டது. பல்லைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். வயிறு கேட்கவில்லை. சத்தம் வந்தேவிட்டது.

அதே நொடியில் மாமனார் நாற்காலியைத் தரையில் கறகறவென்று இழுத்துப் போட்டார். "கால்ல ரப்பர் தேஞ்சுபோச்சு போல" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

மருமகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவருக்கு. அவர் காதில் விழவில்லை என்ற நிம்மதி அவளுக்கு. நர்ஸிடம் அவளே சொல்லிக்கொள்வாள் என்று அவர் இருந்துவிட்டார்.

நர்ஸ் வந்தாள். வார்டு முழுக்கக் கேட்கிற குரல். "என்னம்மா, காத்து பிரிஞ்சுதா?"

மருமகள் மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்தாள். இல்லையென்று தலையாட்டினாள்.

பின்னாலேயே டாக்டரம்மா வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "உள்ள லேசா உருட்டுது. ஆனா உப்பியிருக்கே. காத்தும் பிரியலைன்னா இனிமே காத்திருக்க முடியாது. மூக்கு வழியா ட்யூப் விட்டு இரைப்பையைக் காலி பண்ணணும். இன்னொரு ஸ்கேனும் எடுத்துடலாம்."

மருமகளின் கண் நிறைந்தது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நர்ஸ் ட்யூபை எடுக்கத் திரும்பினாள்.

மாமனார் எழுந்து நின்றார். ஒருமுறை கண்ணை மூடிக் கடவுளைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

"டாக்டரம்மா, காலையில இந்த நாற்காலி ரெண்டு தடவை சத்தம் போட்டுச்சு. அதுல ஒண்ணுதான் நாற்காலி."

பக்கத்துக் கட்டில் போர்வை குலுங்கத் தொடங்கியது. டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, "அப்படியாம்மா?" என்றார்.

மருமகள் துப்பட்டியை முகம்வரை இழுத்துக்கொண்டு தலையசைத்தாள். உள்ளிருந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, சிரிக்க வைக்காதீங்க. தையல் பிரிஞ்சுடும்."

"பிரிஞ்சா என்ன, நான் எதுக்கு இருக்கேன்?"

"இவர்கிட்ட கொடுத்தா தீபாவளி பொங்கல்னு இழுத்தடிப்பார்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே" என்றாள் நர்ஸ் மருமகளிடம், ட்யூபை அலமாரியில் திரும்ப வைத்தபடி.

"ஒரு ஸ்பூன் தண்ணி கொடுங்க. தங்குதான்னு பார்த்துட்டு அடுத்தது" என்றார் டாக்டரம்மா.

ஒருவர் கூச்சத்தை மறைத்துக் கொடுப்பது அன்புதான். அதை உடைத்துச் சொல்ல வேண்டிய வேளையும் வரும். அதற்கும் அதே அன்புதான் வேண்டியிருக்கிறது. மாமனார் சொட்டுச் சிந்தாமல் ஸ்பூனை நீட்டினார். ஊசியில் நூல் கோக்கிற கவனம்.

அவள் விழுங்கினாள். தண்ணீர் இறங்கிய கொஞ்ச நேரத்தில் வயிறு உரக்க உறுமியது.

இந்த முறை அவர் நாற்காலியைத் தொடவில்லை.